கவிழ்த்து வைத்த இஸ்திரிப் பெட்டி

1

என் மாமியாரைப் பற்றி ஒரு கதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "எங்கம்மாகிட்ட உங்களுக்கு என்ன காரியம் ஆகணும்?" என்பதுதான்.

ஒரு காரியமும் ஆகவேண்டியதில்லை. நாலரை மாதத்துக்கு முன்பு அத்தை தன்னுடைய கம்ப்ரசரைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டினார். அதன் ரப்பர் சீல்களுக்கு எந்த கிரீஸைப் பூசுவது என்று கண்டுபிடிக்க அவருக்குப் பதினோரு நாள் பிடித்தது. அந்தப் பதினோரு நாளும் நான் பக்கத்தில் இருந்தேன். இந்தக் கதைக்கு ஊற்றுக்கண் அதுதான். கிரீஸைப் பற்றியெல்லாமா கதை எழுதுவார்கள் என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்; வண்டி இன்னும் கிளம்பவில்லை.

முதல் வரியை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றை மட்டும் அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

"கொட்டகைக்குள் வெயில் ஒரு பூனையைப் போல நுழைந்து —" (வேண்டாம். அந்தக் கொட்டகைக்குள் வெயிலே வராது. அடித்த பெயிண்ட் அவசரமாகக் காய்ந்து சுருங்கிவிடக் கூடாதென்று அத்தை சன்னலைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்.)

"காற்றைப் பிடித்து அடைத்துவைக்கத் தெரிந்த பெண்கள் இந்த உலகத்தில் —" (எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.)

"கம்ப்ரசர் நின்றுவிட்டது." இது உண்மை. செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நின்றது. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது. இரும்புச் சாமான்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். கேட், பீரோ, சைக்கிள், சக்கர நாற்காலி, எது வந்தாலும் அடிப்பார். வெல்டிங் பட்டறைக்கும் மரக்கடைக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு தகரக் கொட்டகை. அதன் கோடியில் கம்ப்ரசர். காற்றை இழுத்து, அழுத்தி, உருண்டைத் தொட்டியில் அடைத்து, குழாய் வழியாக ஸ்பிரே கன்னுக்கு அனுப்புகிற யந்திரம்.*

அவர் அடிப்பதைப் பார்க்கவேண்டும். (இந்த இடத்தில் ஓர் உவமை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பார்த்ததைச் சொன்னாலே போதும்.) கை தோளிலிருந்து கிளம்பும். மணிக்கட்டு மடங்காது. கம்பிக்கு ஒரு சாண் முன்னாலேயே கன்னை அமுக்குவார், ஒரு சாண் தாண்டித்தான் விடுவார். அதனால் எந்தக் கம்பியிலும் ஆரம்பித்த இடம் தெரியாது, முடித்த இடமும் தெரியாது. கதை எழுதுகிற எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். ஊரார் எழுதியதில் பிழை பொறுக்கிச் சம்பளம் வாங்குகிறவன். அச்சு யந்திரங்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு இரண்டு வார விடுப்பு. வீட்டில் சும்மா இருந்தால் மனைவி சும்மா இருக்கவிடமாட்டாள். அத்தைக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

அப்போது அங்கே இருபத்துநான்கு கட்டில்கள் வந்து இறங்கியிருந்தன. குழந்தைகள் வார்டுக் கட்டில்கள், நாலு பக்கமும் கம்பித் தடுப்பு வைத்தவை. வார்டின் கூரை ஒழுகியதில் எல்லாம் துருவேறி இருந்தன. பொறுப்பு நர்ஸ் தானே வண்டியோடு வந்து இறக்கினார்.

"இன்னிலேருந்து மூணாவது புதன் வார்டு தொறக்கறோம்மா. இப்போ பக்கத்து வார்டுல ஒரு கட்டிலுக்கு ரெண்டு பிள்ளைங்களா போட்டு வச்சிருக்கோம். ஒண்ணு இருமுனா இன்னொண்ணு முழிச்சிக்குது."

"வெள்ளைதான?"

"வெள்ளைதான். ஆனா வழவழன்னு இருக்கணும். பிள்ளைங்க கம்பியப் புடிச்சு நிக்கும், வாய வைக்கும். சொரசொரப்பு இருந்தா அழுக்கு உக்காந்துக்கும், தொடைச்சா போகாது."

அத்தை தலையாட்டினார். துருவெல்லாம் சுரண்டி, அடிப்பூச்சு கொடுத்து, இனி வெள்ளை அடிக்கவேண்டியதுதான் என்று இருந்த காலையில்தான் கம்ப்ரசர் நின்றது.

* அத்தை இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "யந்திரம்னு எழுதாதீங்க, மெஷின்னு எழுதுங்க. யந்திரம்னா ஓடாதது மாதிரி இருக்கு" என்றார். மெய்ப்புப் பார்ப்பவனுக்கே மெய்ப்பு.

3

அத்தை தலைப்பாகத்தைக் கழற்றினார். உள்ளே சிலிண்டரைச் சுற்றி உட்காரும் கறுப்பு ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. அவைதான் சீல்கள். அவற்றில் மூன்று கருகிக் கல்லாகியிருந்தன. விரலால் தொட்டதும் உதிர்ந்தன.

"சீல் கெடல மாப்பிள்ளை. மொதல்ல கிரீஸ்தான் செத்திருக்கு" என்று ஒரு கறுப்புத் தூளை எடுத்துக் காட்டினார். "பாருங்க, கரியாயிடுச்சு. வழுக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா ரப்பர் என்ன பண்ணும், தேஞ்சு தேஞ்சு வெந்துடும்."

அந்த இடம் அவ்வளவு சூடாகும். ஓடி முடித்த கம்ப்ரசரின் தலையில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிவிடும். எண்ணெய் ஊற்றாமல் ஓடும் வகை அது. காற்றில் எண்ணெய் கலந்தால் பெயிண்ட் கெட்டுவிடும் என்பதால் பெயிண்டர்கள் அதைத்தான் வாங்குவார்கள். அதனால் சீலில் பூசும் ஒரு துளி கிரீஸ்தான் அதற்கு எல்லாம்.

சீல்கள் கிடைத்தன. அத்தை இரண்டு செட் வாங்கினார், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. கடையில் இருந்ததே அந்த இரண்டு செட்தான். கிரீஸ்தான் சிக்கல். கம்ப்ரசர் கம்பெனி சொல்லும் கிரீஸ் ஒரு சின்ன டப்பாவில் வருகிறது. விலையைக் கேட்டதும் அத்தை அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல மேசைமேல் திரும்ப வைத்தார்.

"இத வாங்கறதுக்கு இன்னொரு கம்ப்ரசர் பழசா வாங்கிடலாம்" என்றார் கடைக்காரரிடம்.

"அதுலயும் கிரீஸ் போடணுமேம்மா" என்றார் அவர்.

வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மஞ்சள் கிரீஸ் கொட்டகையில் இருந்தது. இப்போதைக்கு அதைத் தொட்டு மாட்டி, கட்டில்களை முடித்துவிட்டு, நிதானமாக வேறு தேடலாம் என்று அத்தை முடிவுசெய்தார்.

4

இந்த இடத்தில் என் கையெழுத்துப் பிரதியில் ஒரு மெக்கானிக் வருகிறார். ஒல்லி, காதில் பென்சில், வாய் ஓயாத பேச்சு. அத்தை இல்லாத நேரத்தில் வந்து, "எனக்குத் தெரியாததா?" என்று தன் இஷ்டத்துக்கு வேறு கிரீஸைப் பூசிவிட்டுப் போகிறார். வினை எல்லாம் அவரால்தான். அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவருக்கு ஓர் இருமல்கூடக் கொடுத்திருந்தேன்.

என் மனைவி படித்துவிட்டு, "யாரு இது?" என்றாள்.

"மெக்கானிக்."

"எங்கம்மா கம்ப்ரசர்ல எந்த மெக்கானிக் கைவச்சான்? அம்மா யாரையும் கிட்ட விடமாட்டாங்களே."

நான் தண்ணீர் குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வருடமாக என்னைப் பார்த்துவருபவள்.

"நீங்களா?" என்றாள்.

ஆமாம், நான்தான். வாசகர்களே, மெக்கானிக் இல்லை. இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். (இருமல் மட்டும் நன்றாக வந்திருந்தது. வேறு கதைக்கு ஆகும்.) நடந்தது இது:

புதன் இரவெல்லாம் — இல்லை, இரவெல்லாம் என்பது மிகை — மூன்று மணி நேரம் செல்போனில் கிரீஸைப் பற்றிப் படித்தேன். சிலிக்கோன் கிரீஸ் என்று ஒன்று உண்டு. நல்ல சூடு தாங்கும். ரப்பரைக் கெடுக்காது. விலையும் மலிவு. வியாழன் காலை வழியில் ஒரு ட்யூப் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அத்தை கட்டில் விஷயமாக நர்ஸைப் பார்க்க மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சீல்களைக் காகிதத்தில் வரிசையாகப் பரப்பிவைத்துவிட்டு, "மஞ்சள் கிரீஸ லேசா தொட்டு வச்சிருங்க மாப்பிள்ளை. வந்து மாட்டிடறேன்" என்றார்.

மஞ்சள் கிரீஸ் பாதி வேலையில் மறுபடி கருகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. என் ட்யூபைத் திறந்து எல்லாச் சீலிலும் பூசினேன். கம்ப்ரசர் ஜோராக ஓடியபின் சொல்லி அவரை அசத்தலாம் என்பது திட்டம்.

அத்தை திரும்பிவந்து கேட்டார். "மஞ்சள்தான வச்சீங்க?"

"ஆமா அத்தை."

கறுப்பு ரப்பரில் மெலிதாகப் பூசினால் மஞ்சளும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. என் வார்த்தையை நம்பி மாட்டினார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டவன் கதை எல்லாருக்கும் தெரியும். நான் ஆழத்தைப் படித்துவிட்டே விட்டேன். கிணறுதான் வேறு.

5

வெள்ளி காலை கம்ப்ரசர் இதமாக ஓடியது. அத்தை முதல் இரண்டு கட்டில்களுக்கு வெள்ளை அடித்தார். பத்து நிமிடத்தில் கம்பிகள் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். பெயிண்ட் அந்தந்த இடத்தில் ஒட்டப் பயந்து ஒதுங்கியதுபோல, குழிக்கு நடுவில் அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது. அந்தக் கொட்டகையில் இதற்கு 'கண்ணு விழறது' என்று பெயர்.

"கண்ணு விழுந்துடுச்சு" என்றார் அத்தை.

வெல்டிங் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "இவ்ளோ வேலை வந்தா கண்ணு படாம என்ன செய்யும்?" என்றார். அத்தை சிரிக்கவில்லை.

அந்த நாளும் மறுநாளும் அவர் செய்ததை ஒழுங்காகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெயிண்டில் கலக்கும் தின்னரை மாற்றினார். வடிகட்டியை மாற்றினார். கன்னை ஊசி ஊசியாகப் பிரித்துக் கழுவினார். தரையைக் கழுவினார், சுவரைத் துடைத்தார். மரக்கடையில் பாலிஷ் போடுகிறார்களா என்று போய்க் கேட்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு தகரத் துண்டில் அடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கண்.

சனிக்கிழமை மதியம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தலைக்கு எண்ணெய் வச்சிருக்கேனே. அதுவா இருக்குமோ?" வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலை இறுகத் துணியால் கட்டிக்கொண்டு வந்து அடித்தார். கண் விழுந்தது. மறுபடி போய்க் குளித்தார்.

நான் இடையிடையே போனில் தேடினேன். நாலாவது பக்கத்திலேயே போட்டிருந்தது: பெயிண்ட் அடிக்கும் இடத்தின் அருகே சிலிக்கோன் கூடவே கூடாது. சூட்டில் அதன் ஆவி காற்றோடு ஏறும், குழாய் முழுக்கப் படியும், அது பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். (ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு பத்தி எழுதினேன். அழகான பத்தி. மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றும் பூசி மெழுகல். எடுத்துவிட்டேன்.)

ஞாயிறு காலை அத்தை உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கன் அவர் கையில் இருந்தது. பட்டறைக்காரரைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

"அவருக்கு ஓரளவு அடிக்க வரும். அவரு அடிச்சா கண்ணு விழலேன்னா, என் ஒடம்புலதான் ஏதோ இருக்குன்னு அர்த்தம். வயசானா வேர்வையே மாறுமாமே. அப்படி இருந்தா நான் இந்த வேலைய விட்டுட வேண்டியதுதான் மாப்பிள்ளை."

முப்பது வருடமாக அடிக்கும் கை. கன்னைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான் மஞ்சள் வைக்கல" என்றேன்.

6

இந்தப் பகுதியைப் பெரிய காட்சியாக எழுதவேண்டும் என்று வைத்திருந்தேன். நடந்தது சின்னக் காட்சிதான்.

"ட்யூப் எங்க?" என்றார்.

கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குப் போய், பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படித்தார்.

"பெயிண்ட் அடிக்கற எடத்துல உபயோகிக்கக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே."

நான் மெய்ப்புப் பார்ப்பவன் என்பதை அவர் நினைவுபடுத்தவில்லை. அதை நானே நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒண்ணும் மட்டமான கிரீஸ் இல்ல. சூடும் தாங்கும், ரப்பருக்கும் ஆகாதது இல்ல. எடந்தான் தப்பு." பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். "நேத்தெல்லாம் நான் தலை தேச்சுத் தேச்சுக் குளிச்சிட்டிருந்தேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. தன் மகளிடமும் சொல்லவில்லை என்பது மெக்கானிக் பிடிபட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே" என்று என் மனைவி இரண்டு தடவை சொன்னாள்.

கண் விழுந்த இரண்டு கட்டில்களையும் உப்புத்தாள் போட்டு அடிவரை தேய்க்கவேண்டும். தாளை நானே எடுத்துக்கொண்டேன். கம்பி கம்பியாக மூன்று நாள் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே அத்தையைக் கவனித்தேன். கதை அந்த மூன்று நாளில்தான் என்னிடம் வந்துசேர்ந்தது.

7

அத்தை எல்லாவற்றையும் பிரித்து இரண்டு தடவை தின்னரில் கழுவினார். குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு செட் சீல். அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். (சாவியை இடுப்பில் செருகும்போது என்னைப் பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தார். பார்த்திருந்தாலே பரவாயில்லை.)

"இந்தத் தடவ வெந்துபோறது என் சீல்ல வேகக் கூடாது. வெளிலயே வெந்துடட்டும்" என்றார்.

பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, தட்டையான அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தினார். குமிழைத் திருப்பி முழுச் சூட்டில் வைத்தார். அதன்மேல் ஐந்து பாட்டில் மூடிகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கிரீஸ், மிளகு அளவு: சக்கரத்து மஞ்சள், லாரிக்காரர்கள் போடும் கறுப்பு, பட்டறையில் சூடான போல்ட்டுக்குத் தடவும் செம்பு நிறப் பசை, பேக்கரி அடுப்புச் சங்கிலிக்குப் போடும் வெண்ணெய் நிறத்தது, ஐந்தாவது என் ட்யூப்.

"இது எதுக்கு அத்தை?" என்றேன், என்னுடையதைக் காட்டி.

"தப்பானதும் ஒண்ணு வரிசைல இருந்தாத்தான் சரியானது எதுன்னு தெரியும்."

கெட்டுப்போன செட்டிலிருந்து சீலை வெட்டி, கழுவி, ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டு போட்டார். ரப்பர் வீங்குகிறதா, இறுகுகிறதா என்று பார்க்க. பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். போட்டோ சட்டத்துக் கண்ணாடியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு மூடிக்கும் மேலே ஒரு விரற்கடை உயரத்தில் தாங்கி வைத்தார்.

"சூட்டுல எது ஆவியாகி மேல வருதோ அது கண்ணாடில படியும். அப்புறம் அந்தக் கண்ணாடில பெயிண்ட் அடிச்சுப் பாத்தா, காத்தோட வர்றது எது, வராதது எதுன்னு தெரிஞ்சிடும்ல."

இதை அவர் எங்கும் படிக்கவில்லை. சொன்னபோது குரலை உயர்த்தவும் இல்லை. நான் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த ஐந்து கண்ணாடிச் சில்லுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னுடைய மூன்று மணி நேரப் படிப்பு முழுவதும் அந்த ஒரு விரற்கடை இடைவெளிக்குள் அடங்கிப்போனது.

ஞாயிறு மதியம் தொடங்கி செவ்வாய் மதியம் வரை பகலெல்லாம் பெட்டி எரிந்தது. மஞ்சள் முதல் மணி நேரத்திலேயே தண்ணீராக ஓடியது. ரப்பர் துண்டு ஊறிப் பெருத்தது. கறுப்பு, அப்பளம்போலப் பொரிந்து — (நொறுங்கும் தட்டாகக் காய்ந்தது என்பதே போதும்.) செம்புப் பசை அசையவில்லை, ஆனால் அத்தை இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "மணல் மாதிரி இருக்கு, சிலிண்டர அறுத்துடும்" என்றார். பேக்கரிக் கிரீஸ் ஒரு நாள் நன்றாக நின்றது. மறுநாள் பழுப்புக் கோந்தாகிவிட்டது. என்னுடையது போட்டபடியே தெளிவாக, அழகாக இருந்தது. அதன் கண்ணாடியில் அத்தை, கம்ப்ரசர் தேவைப்படாத டப்பா ஸ்பிரே அடித்தார். முகம் முழுக்க அம்மை போட்டதுபோல் கண்.

ஐந்தும் தோற்றன. செவ்வாய் மதியம். இருபத்துநான்கு கட்டில். வார்டு திறக்க எட்டு நாள்.

8

அன்று சாயங்காலம் நர்ஸ் கொடுத்த ஆர்டர் கடிதத்தை நகல் எடுக்க அத்தை ஜெராக்ஸ் கடைக்குப் போனார். நானும் போனேன். மெஷின் திறந்து கிடந்தது. ரிப்பேர்காரர் ஒருவர் குனிந்து, சுண்டுவிரல் அளவு ஊசிக்குழலிலிருந்து வெள்ளையாக எதையோ உருளைமேல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அத்தை கடிதத்தை மறந்துவிட்டார்.

"தம்பி, அது எதுக்கு?"

"இந்த ரோலர்தாம்மா மைய உருக்கிப் பேப்பர்ல ஒட்டுது. இதுமேல ஒரு உறை சுத்திக்கிட்டே இருக்கும். வழுக்கலேன்னா கிழிஞ்சிடும். அதுக்கு கிரீஸ்."

"எவ்ளோ சூடு?"

"இருநூறு டிகிரி இருக்கும். நாள் பூரா."

"உருகாது?"

"உருகினா பேப்பர் பூரா கறையாயிடும். கஸ்டமர் என்னையில்ல உருக்கிடுவாரு."

அத்தை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு பூசுவீர்கள், எத்தனை மாதம் வரும், அந்த உறை எதால் ஆனது, ரப்பரில் பட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டார். ரிப்பேர்காரர் முதலில் வேலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார். இவ்வளவு வருடத்தில் அவரிடம் யாரும் கிரீஸைப் பற்றிக் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"இது பெரிய டப்பாவா வாங்கினா ஆனை விலை ஆகும்மா. எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு இப்படிச் சின்னக் குழல்ல அடைச்சு விக்கறாங்க. ஒரு டின் தின்னர் விலைதான். ஆனா போலி உண்டு. அதுவும் வெள்ளைதான், அதுவும் இதே குழல்தான். உள்ள சிலிக்கோன். நானே ரெண்டு தடவ ஏமாந்திருக்கேன்."

சிலிக்கோன் என்றதும் நான் சுவரைப் பார்த்தேன்.

"எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அவர் டீ கிளாஸைக் கழுவித் தண்ணீர் பிடித்துவந்தார். குழலிலிருந்து ஒரு பொட்டு எடுத்து உள்ளே விட்டார். எண்ணெய்ப் பசையெல்லாம் மிதக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அது கூழாங்கல்போல நேரே கீழே போய் உட்கார்ந்தது.

"நெஜமானது கனம். முங்கிடும்" என்றார்.

அத்தை கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை எழுத நாலு தடவை முயன்றேன். அவர் —

விடுங்கள். கிளாஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை அவருக்கு.

9

ரிப்பேர்காரர் பேனா மூடியில் கொடுத்தனுப்பிய துளி இஸ்திரிப் பெட்டியில் ஆறாவதாக ஏறியது. இரண்டு நாள். ஓடவில்லை, காயவில்லை, ரப்பர் துண்டு போட்டபடி வளைந்துகொடுத்தது. அதன்மேல் வைத்த கண்ணாடியில் பெயிண்ட் அடித்தோம். பால் ஊற்றியதுபோல் வழவழப்பு.

ஆனால் அத்தை அதோடு விடவில்லை. அந்த கிரீஸையே ஒரு தகரத்தில் நேராகத் தடவி, அதன்மேல் அடித்துப் பார்த்தார். கண் விழுந்தது.

"போச்சா அத்தை?"

"ஏன் போகணும்? மேல தடவினா இதுலயும் ஒட்டாதுதான். இத யாரு கட்டில்ல தடவப்போறா? காத்துல ஏறி வருமா வராதாங்கறதுதான் நம்ம கேள்வி. வரலன்னு கண்ணாடி சொல்லிடுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கை சுத்தமா இருக்கணும். அதிகம் வச்சா ஆபத்து" என்றார்.

ரிப்பேர்காரர் சொன்ன கடையில் ஒரு குழல் வாங்கினோம். அத்தை கடைக்காரர் முன்னாலேயே தண்ணீர் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார். மிதந்தது. இன்னொன்று கேட்டார். மிதந்தது. மூன்றாவதை உள்ளறையிலிருந்து எடுத்துவந்தார் கடைக்காரர். அது முங்கியது.

வெள்ளிக்கிழமை, பதினோராவது நாள், அத்தை கடைசி செட்டை அலமாரியிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு சீலிலும் பூசி, பூசியதைப் பஞ்சு பறக்காத துணியால் துடைத்தார். ரப்பரில் ஒரு மினுக்கம் மட்டும் தங்கியது. குழலில் கால்வாசிகூடத் தீரவில்லை. தலைப்பாகத்தைப் பூட்டி, தலை தொடமுடியாத சூடாகும் வரை அரைநாள் ஓடவிட்டு, முதலில் தகரத் துண்டு. பிறகு நான் தேய்த்த கட்டில்.

சன்னல் அடைத்த கொட்டகையில் விளக்கைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோய் இருவரும் குனிந்து பார்த்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

"தேய்ச்சது நல்லா தேய்ச்சிருக்கீங்க" என்றார் அத்தை. அவர் என்னிடம் சொன்ன பாராட்டுகளில் இதுதான் ஆகப் பெரியது. இதைக் கதையில் சேர்த்ததற்கு மன்னிக்கவும்.

10

முடிவு, முதல் வகை: சனி முதல் செவ்வாய் வரை நாளுக்கு ஐந்தாறாக மீதிக் கட்டில்களும் முடிந்தன. புதன் காலை வார்டு திறந்தது. நர்ஸ் ஒரு கட்டிலின் மேல்கம்பியில் உள்ளங்கையை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார். மதியத்துக்குள் கட்டிலுக்கு ஒரு பிள்ளை. இது நடந்தது. இதோடு முடித்திருப்பேன்.

முடிவு, இரண்டாம் வகை: ஒரு நாள் கம்ப்ரசர் பெரும் சத்தத்தோடு — (என் மனைவி இதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "எங்கம்மா பூட்டினது" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.)

போன ஞாயிறு, எழுதியவரைக்கும் அத்தைக்குப் படித்துக்காட்டினேன். கன்னின் ஊசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். யந்திரம் போக, இன்னும் இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று: "வெறுமனே பூசினேன்னு எங்கயும் போட்டுடாதீங்க. பூசித் துடைச்சேன்னு போடுங்க. படிக்கறவங்க அப்பி வச்சிடப் போறாங்க." இன்னொன்று: "நீங்க பண்ணினதா ஏன் எழுதணும்? நாலு பேரு படிக்கறது. அந்த மெக்கானிக்கே இருந்துட்டுப் போகட்டும்."

முதல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன்.

"முடிவு என்ன எழுதட்டும் அத்தை? எல்லாம் நல்லா ஓடுதுன்னு முடிச்சிடவா?"

"கட்டில் முடிஞ்சுது. கிரீஸ் முடிஞ்சுதான்னு யாரு பாத்தா?"

"நாலரை மாசமா ஓடுதே."

"மொதல்ல இருந்ததும் எட்டு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. நின்ன அன்னிக்குத்தான நமக்கே தெரிஞ்சுது."

ஊசியைக் கன்னில் போட்டுத் திருகினார். எழுந்துபோய், ஆணியில் தொங்கிய பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"நான் மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வரேன். பாக்கணும்னு இருந்தா தலையக் கழட்டிப் பாருங்க. தலைக்கு அடில வச்சு மூடற கேஸ்கெட் புதுசு ஒண்ணு அலமாரில இருக்கு, தொறந்துதான் வச்சிருக்கேன். ஓடறத எதுக்குப் பிரிக்கணும்னு தோணுச்சுன்னா விட்டுடுங்க."

"எது சரி அத்தை?"

"தெரிஞ்சா நானே பண்ணியிருப்பேனே." செருப்பை மாட்டிக்கொண்டார். "ரெண்டும் தப்பு இல்ல. எது பண்ணீங்களோ அத வந்ததும் சொல்லிடுங்க, போதும்."

பையை எடுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தவில்லை.

நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும், அத்தைக்கும் சொல்லிவிட்டேன். இங்கே எழுதப்போவதில்லை. தலையில் நாலு போல்ட். இடப்பக்கம் திருப்பினால் கழலும். முதல் அரைச் சுற்று மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். கம்ப்ரசர் ஆறியிருக்கிறது, தொட்டுப் பார்த்துவிட்டேன். ஸ்பேனரை உங்கள் பக்கம் நீட்டுகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். அத்தை திரும்பிவர முக்கால் மணி நேரம் ஆகும்.